ஐந்து டாக்டர்கள், ஒரு கால்

இன்டர்னல் எக்ஸாம் முடிந்து, பையில் அழுக்குத் துணியைத் திணித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். நல்லதாப் போச்சு. கட்டுரையின் கடைசியில் வீட்டில் செய்ய ஒரு சின்ன வேலை தரப் போகிறேன். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. மார்க் கிடையாது. ஆனால் ஒருத்தருடைய கால் தப்பிக்கலாம்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் யாருக்காவது சுகர் இருக்கிறதா? அப்பா, அம்மா, தாத்தா, அத்தை, யாராவது? "எங்க வீட்ல யாருக்குமே இல்லப்பா" என்று சொல்லக்கூடியவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேர் தேறுவார்கள் என்பது சந்தேகம்தான். இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேர் சர்க்கரை நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. இவ்வளவு பேருக்கு இருப்பதாலேயே அதன் மேல் நமக்குப் பயம் போய்விட்டது. "சுகர்தானே, மாத்திரை போட்டா சரியாப் போச்சு" என்கிறோம். டீயில் அரைச் சர்க்கரை போடச் சொல்வதோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. காலை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டிலும் யாரும் பார்க்கவில்லை.

எனக்கு நாமக்கல் பக்கம். பெரியப்பா லாரி டிரைவர். பதினான்கு வருஷமாகச் சுகர். பழைய லாரியில் இன்ஜின் சூடு கேபினுக்குள் எப்படி ஏறும் என்று மெக்கானிக்கல் பசங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் லோடு இறக்கிவிட்டு வந்து படுத்தவருடைய இடது உள்ளங்காலில், சுண்டுவிரலுக்குக் கீழே, பெரிய கொப்புளம் ஒன்று உடைந்திருப்பதைப் பெரியம்மாதான் பார்த்தார். கிளட்ச் மிதிக்கிற கால். அவருக்குத் தெரியவே இல்லை. வலிக்கவில்லை. வலிக்காததால் வீட்டில் யாரும் பயப்படவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நாள் கணக்கோடு சொல்கிறேன், கவனியுங்கள்.

முதல் ஐந்து நாள் மஞ்சளும் வேப்பிலையும். ஆறாவது நாள் மெடிக்கலில் கேட்டு வாங்கிய களிம்பு. ஒன்பதாவது நாள் தெரு முனை டாக்டர்: டிரெஸ்ஸிங், ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக். பதின்மூன்றாவது நாள் கால் வீங்கியதால் எலும்பு டாக்டர்: எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து "எலும்பு நல்லா இருக்குங்க" என்றார். பதினாறாவது நாள் சுகர் டாக்டர்: சுகர் 380. இன்சுலினை ஏற்றிவிட்டு, "புண்ணை ஒரு சர்ஜன்கிட்ட காட்டிடுங்க" என்றார். பத்தொன்பதாவது நாள் சர்ஜன்: "ரத்த ஓட்டம் தெரியாம நான் கத்தி வைக்க முடியாது, ஸ்கேன் எடுத்துட்டு வாங்க." ஸ்கேனுக்குத் தேதி கிடைக்க நான்கு நாள். இருபத்து நான்காவது நாள் குளிர் ஜுரத்தோடு, பாதம் கறுத்து, வாசம் அடிக்க ஆம்புலன்ஸில் போனோம். ரத்தக்குழாய் சர்ஜன் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இந்த ஐந்து டாக்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, ஒரு போன் பேசியதில்லை. அவர்களுக்கு நடுவே இருந்த ஒரே இணைப்பு ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் எக்ஸ்ரே, சீட்டுகள், ரத்த ரிப்போர்ட். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். ஒரு டாக்டர் சொன்னதை அடுத்த டாக்டரிடம் சொல்ல வேண்டிய வேலையும் என்னுடையதுதான். மருத்துவத்தில் ஒரு எழுத்தும் தெரியாத, தெர்மோடைனமிக்ஸில் அரியர் வைத்திருக்கிற நான்!

யார் மேல் தப்பு?

கோபத்தில் முதலில் எல்லோரையும் திட்டினேன். பிறகு ஒரு வருஷமாகப் படித்துப் படித்து யோசித்தபோது சங்கடமான ஒரு விஷயம் புரிந்தது. அவரவர் துறைக்குள் பார்த்தால் யாரும் பெரிய தப்புச் செய்யவில்லை. எக்ஸ்ரே நன்றாகத்தான் இருந்தது. எலும்பில் கிருமி இறங்கினால் அது எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். சுகர் டாக்டர் இன்சுலின் ஏற்றியது சரி. ரத்த ஓட்டம் தெரியாமல் வெட்ட மாட்டேன் என்று சர்ஜன் தயங்கியதற்கும் காரணம் இருக்கிறது. அவரவர் பங்கு சரி, மொத்தம் தப்பு.

நமக்கு ரிலையபிலிட்டி பாடத்தில் சீரிஸ் சிஸ்டம் என்று ஒன்று வருமே, ஞாபகம் இருக்கிறதா? ஐந்து பாகங்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 90 சதவீதம் நம்பகமானது. மொத்த சிஸ்டம்? 0.9ஐ ஐந்து முறை பெருக்குங்கள். 59 சதவீதம். பாகங்களுக்கு நடுவே நாள்கணக்கில் காத்திருப்பும் சேர்ந்தால் அதுவும் இருக்காது. பெரியப்பாவின் கால் ஒரு சீரிஸ் சிஸ்டத்தில் மாட்டிக்கொண்டது. இது உதாரணக் கணக்குதான், ஆனால் நடந்தது இதேதான்.

ஆகவே நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: சர்க்கரை நோயாளியின் காலில் புண் வந்தால் "இன்னும் நல்ல டாக்டர்" யாரென்று தேடி அலைவதில் பிரயோஜனம் இல்லை. எல்லா டாக்டரும் ஒரே நாளில், ஒரே அறையில், அந்த ஒரு காலைச் சேர்ந்து பார்க்க வேண்டும். அந்த ஏற்பாடு நம் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும்.

ஏன் ஒருத்தர் போதாது?

"ஒரு புண்ணுக்கு எதுக்குப்பா இத்தனை டாக்டர்?" என்று ஹாஸ்டல் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி.

அந்தச் சின்னப் புண்ணுக்குள் நான்கு பிரச்சனைகள் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, நரம்பு மரத்துப்போவது. வலி என்பது உடம்பின் அலாரம். அந்த வயர் அறுந்துவிட்டால், நெருப்பு பிடித்தாலும் மணி அடிக்காது. இரண்டு, ரத்த ஓட்டம் குறைவது. ஆன்டிபயாடிக் காலுக்குப் போவது ரத்தம் வழியாகத்தான். பைப்பில் அடைப்பு இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த மருந்தை மேலே ஊற்றினாலும் கீழே சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மூன்று, கிருமி. எலும்புக்குள் இறங்கிவிட்டால் அது ஒரு பிசின் படலத்தைப் போர்த்திக்கொண்டு ஒளிந்துகொள்ளும். மேலாகப் பஞ்சில் ஒற்றி எடுத்து கல்ச்சர் அனுப்பினால், தோலில் சும்மா இருக்கிற கிருமியின் பெயர் வரும். உள்ளே எலும்பைத் தின்கிற கிருமியின் பெயர் வராமல் போகலாம். ஆழத்திலிருந்து சதையோ எலும்புத் துணுக்கோ எடுத்து அனுப்ப வேண்டும். நான்கு, அழுத்தம். விசையைப் பரப்பளவால் வகுத்தால் அழுத்தம் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்தோம். முழு உடம்பின் எடையும் நடக்கும்போது ஒரு ரூபாய்க் காசு அளவுள்ள இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கினால், எந்த மருந்து போட்டாலும் அந்தப் புண் ஆறாது. சாதாரண ஆள் வலி தாங்காமல் நொண்டி நடப்பான், அதனாலேயே அவனுக்கு ஆறிவிடும். மரத்துப்போன காலுக்கு நொண்டத் தெரியாது.

இப்போது பாருங்கள். சீழை வெளியேற்றாமல் மருந்து வேலை செய்யாது. ரத்தம் போகாமல் அறுவை செய்த இடம் ஆறாது. சுகர் குறையாமல் கிருமி அடங்காது. எடையை இறக்காமல் எதுவும் நிலைக்காது. ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருக்க முடியாது. நான்கும் ஒன்றாக நடக்க வேண்டும். அதனால்தான் சுகர் டாக்டர், சர்ஜன், ரத்தக்குழாய் சர்ஜன், கிருமி பற்றித் தெரிந்த டாக்டர், எலும்பு டாக்டர், டிரெஸ்ஸிங் செய்யும் நர்ஸ், செருப்பும் மாவுக்கட்டும் செய்து தருபவர் என்று ஒரு குழு தேவைப்படுகிறது.

ரத்த ஓட்டத்திலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. கணுக்காலில் பி.பி. பார்த்து, அதைக் கையின் பி.பி.யால் வகுப்பார்கள். 0.9க்குக் கீழே வந்தால் காலில் அடைப்பு என்று பொருள். ஆனால் சுகர்காரர்களின் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இரும்புக் குழாய் மாதிரி விறைத்துவிடுவது உண்டு. பட்டையால் அதை நசுக்க முடியாது. ரீடிங் நன்றாக இருப்பதுபோலக் காட்டும். மீட்டர் சொல்வதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது என்று தெரிந்தவர்கள் கால் விரலிலும் அழுத்தம் பார்ப்பார்கள். அந்தத் "தெரிந்தவர்" அறையில் இருக்க வேண்டும் என்பதுதான் குழுவின் அர்த்தம்.

செய்து காட்டியவர்கள்

இது என் கற்பனை இல்லை. லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் 1981லேயே சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கென்று தனிக் கிளினிக் தொடங்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்று ஓர் ஊர். அங்கே குழுவாகப் பார்க்கும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்து, 1995 முதல் 2005 வரை கணக்கு வைத்தார்கள். கணுக்காலுக்கு மேலே கால் எடுக்கப்படுவது, சர்க்கரை நோயாளிகள் 10,000 பேருக்கு 36.4 என்று இருந்தது 6.7 ஆகக் குறைந்தது. அதாவது 82 சதவீதம் குறைவு. அதிசய மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடித்துவிடவில்லை. இருந்த ஆட்களைச் சேர்த்து வேலை செய்ய வைத்தார்கள்.

எலும்பு மூட்டுத் தொற்றுகளுக்கும் இதே பாதைதான். பிரான்ஸ் அரசு 2008ல் சிக்கலான எலும்பு, மூட்டுத் தொற்றுகளுக்கென்றே தனி மையங்களை அறிவித்தது. ஆக்ஸ்ஃபோர்டில் எலும்புத் தொற்றுக்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. எலும்பில் தொற்று என்றால் வாரக்கணக்கில் ஊசி வழியாகத்தான் மருந்து ஏற்ற வேண்டும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு டாக்டர்கள் முன்னின்று, பிரிட்டன் முழுக்க 1,054 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2019ல் வெளிவந்தது. சரியாகத் தேர்ந்தெடுத்த மாத்திரை, ஊசிக்கு இளைத்ததில்லை என்று அது காட்டியது. கூலி வேலைக்குப் போகிற ஆள் ஆறு வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பதற்கும், மாத்திரையோடு வீட்டில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா? ஆனால் எந்த மாத்திரை, எத்தனை நாள், யாருக்கு ஊசியேதான் வேண்டும் என்று முடிவு செய்ய, அதையே வேலையாகப் பார்க்கிறவர்கள் வேண்டும்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ல"

இந்த எதிர்ப்பு வரும் என்று தெரியும். நம்மிடம் ஆள் இல்லை, பணம் இல்லை, கூட்டத்தைச் சமாளிக்கவே நேரம் இல்லை. இதில் உண்மை இருக்கிறது. அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்கள் டாக்டரைத் திட்ட மாட்டார்கள்.

ஆனால் இந்தப் பாடத்தின் முதல் பக்கம் எழுதப்பட்டதே நம் ஊரில்தான் என்றால் நம்புவீர்களா? எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கொல்லிமலை தெரியும். அந்த மலையில் 1914ல் ஒரு மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். டாக்டராகி 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயால் சதை தானாக அழுகி விரல்கள் உதிர்கின்றன என்று அப்போது நம்பினார்கள். உணர்ச்சி போனதால், தெரியாமலேயே படும் காயங்கள்தான் விரல்களைத் தின்கின்றன என்று பிராண்டும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? சர்ஜனும் பிசியோதெரபிஸ்ட்டும் செருப்புத் தைப்பவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அழுத்தத்தைப் பரப்பி வாங்கும் மிருதுவான ரப்பரில் செருப்பு செய்தார்கள். இன்றைக்கும் நம் கடைகளில் "எம்.சி.ஆர். செருப்பு" என்று கேட்டு வாங்குகிறோமே, அதே மைக்ரோசெல்லுலர் ரப்பர்தான். 1966ல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். தொழுநோயாளிகளின் பாதத்துக்கு இங்கே கற்ற பாடத்தையும், புண்ணிலிருந்து எடையை எடுத்துவிடும் மாவுக்கட்டு முறையையும் அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்குப் பயன்படுத்தினார்.

வேலூரில் விளைந்த அறிவு உலகம் சுற்றிவிட்டது. கொல்லிமலை அடிவாரத்தில் என் பெரியப்பாவின் காலுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. இதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கேட்பது பெரிய கட்டிடம் இல்லை. ஒரு டைம்டேபிள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாள், ஒரு அறை. சுகர் டாக்டரும் சர்ஜனும் எலும்பு டாக்டரும் அங்கே ஒன்றாக இருக்கட்டும். ரத்தக்குழாய் சர்ஜன் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார், ஒப்புக்கொள்கிறேன். அவர் மருத்துவக் கல்லூரியிலிருந்து வீடியோவில் வரட்டும். புண்ணின் போட்டோவும் ரிப்போர்ட்டும் ஒரே ஃபைலில் போகட்டும். கிளினிக் இல்லாத நாளில் சீழோடு வருபவரை அடுத்த வாரம் வரச் சொல்லாமல், அன்றைக்கே சேர்த்துக்கொள்ளட்டும். இங்கிலாந்தில் ஒரு வழிகாட்டு விதி இருக்கிறது: சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் புண் என்றால் ஒரு வேலை நாளுக்குள் பாதக் குழுவிடம் அனுப்பிவிட வேண்டும். காலுக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால் உடனே. பெரியப்பா தெரு முனை டாக்டரிடம் போனது ஒன்பதாவது நாள். இந்த விதி இங்கே இருந்திருந்தால் பத்தாவது நாளே அவர் குழுவின் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஸ்கேன் பத்தொன்பதாவது நாள் வரை காத்திருந்திருக்காது.

செலவைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுக் கணக்கில் ஆஸ்பத்திரி பில் பாதிதான். லாரி ஓட்டாத மாதங்கள், செயற்கைக் கால், துணைக்கு வேலையை விட்ட பெரியம்மா, ஒரு வருஷம் தள்ளிப்போன அக்கா கல்யாணம், இதெல்லாம் எந்த பில்லிலும் வராது.

இப்போது உங்கள் வேலை

ஊருக்குப் போனதும், சுகர் இருப்பவரை உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக மெதுவாகத் தொடுங்கள். ஒன்றிரண்டு விநாடி போதும். அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள். தொடும்போது சொல்லச் சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், உணர்ச்சி குறைந்திருக்கலாம். டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். இதற்குப் பெயர் இப்ஸ்விச் டச் டெஸ்ட். ஆமாம், அதே இப்ஸ்விச்தான். டாக்டரிடம் போனால் ஒரு நைலான் இழையால் குத்திப் பார்ப்பார். சரியாக 10 கிராம் விசையில் வளையும்படி அதன் நீளமும் தடிமனும் அமைந்திருக்கும். ஆய்லர் பக்ளிங் எதற்குப் படிக்கிறோம் என்று புலம்பியவர்களுக்கு இதோ பதில்.

அப்புறம் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். கால் ஆணியை பிளேடால் சீவ விடாதீர்கள். வெந்நீரில் கால் வைக்க விடாதீர்கள். வெயிலில் கோயிலைச் சுற்றும்போது வெறுங்கால் வேண்டாம், சாமி கோபித்துக்கொள்ளாது. சிவப்பு, வீக்கம், சீழ், வாசம், கறுப்பு, ஜுரம், இதில் எது இருந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். "வலிக்கலைப்பா" என்றால் இன்னும் வேகமாகக் கிளம்புங்கள்.

டாக்டரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். மரியாதையாக, ஆனால் விடாமல். புண் எலும்பு வரை போயிருக்கிறதா? ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது? கல்ச்சர் ஆழத்திலிருந்து எடுத்தீர்களா? இந்தக் காலில் எடை இறங்காமல் இருக்க என்ன செய்வது? இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிற பாதக் கிளினிக் பக்கத்தில் எங்கே இருக்கிறது? ஐந்தாவது கேள்விக்கு "இங்க அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்று பதில் வந்தால், அதை உங்கள் ஊர் எம்.எல்.ஏ.விடமும் கேளுங்கள். ஓட்டுப் போடும் வயது நமக்கு வந்துவிட்டது.

பெரியப்பா இப்போது செயற்கைக் காலோடு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். ஒரு முறை புண் வந்து ஆறியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் மறுபடி புண் வரும் என்று படித்ததிலிருந்து, அவருடைய வலது காலை நான் விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் வருவார். உள்ளங்காலை கேமராவுக்குக் காட்டுவார். "அட்டெண்டன்ஸ் போட்டுக்க தம்பி, வலது கால் ப்ரசன்ட்" என்பார்.

நான் சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்கிறேன். இடது காலின் பெயரை இரண்டு பேருமே கூப்பிடுவதில்லை.

உங்கள் வீட்டில் இரண்டு பெயரும் இன்னும் ரிஜிஸ்டரில் இருக்கும். இந்த லீவிலேயே போய்ப் பாருங்கள்.